கோணலாகக் கிடந்த ஒரு போட்டோ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது: இந்தக் கதையில் எனக்கு நிஜமாகத் தெரிந்தது ஒரே ஒரு விரல்தான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர் யாருடைய கல்யாணப் படங்களையோ கண்ணாடி மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் கையை நீட்டி, கோணலாகக் கிடந்த ஒரு படத்தை ஒற்றை விரலால் நேராக்கினார். அடுத்த நொடி, சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். வாசலைப் பார்த்தார். "ஆட்டமில்ல, ஆட்டமில்ல" என்று முணுமுணுத்தார். தன் படத்தை வாங்காமலேயே இறங்கிப் போய்விட்டார்.

"யாருங்க அவரு?" என்றேன்.

"அந்தக் காலத்துல செஸ் ஆடுவாரு சார்" என்றார் கடைக்காரர். அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. யாருடையதோ கல்யாணப் போட்டோவைப் பார்த்து ஒரு மனுஷன் பயப்படுவானா? அவர் பயந்தார், நான் பார்த்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் கட்டிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கீழே வரும் ஆட்கள், கிளப், போலீஸ் அதிகாரி எல்லாம் என் கட்டு. அந்த விரல் மட்டும் என்னுடையதல்ல.

2

எப்படித் தொடங்குவது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"1991 மே மாதம், ஸ்ரீபெரும்புதூர் மண்ணில்..." [வேண்டாம். இப்படித் தொடங்கினால் சரித்திரம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். என் கதை ஆள் எல்லப்பனுக்கு உட்கார இடமிருக்காது.]

"அறுபத்துநான்கு கட்டங்களில் அடங்கிய வாழ்க்கை..." [சீ!]

"மண்ணூரில் தணிகாசலத்தின் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் செஸ் ஆடுவார்கள்." இது போதும். இதிலிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

பின்கட்டில் இரண்டு பெஞ்சு, மூன்று பலகை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எப்போதும் இருக்கும். ஒரு பலகையில் வெள்ளைக் குதிரை தொலைந்துபோய், அதற்குப் பதிலாக சைக்கிள் பெல்லின் மூடி நிற்கும். ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், சர்ச் முடித்து வருகிறவர்கள், வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வருகிறவர்கள் எல்லோரும் குந்திக்கொண்டு ஆடுவார்கள். யார் தோற்றாலும் டீ தணிகாசலத்தின் கணக்கில்தான். அவர் அதைச் சொல்லிச் சொல்லியே அழுவார், ஆனால் நிறுத்தமாட்டார்.

எல்லப்பன்தான் செக்ரெட்டரி. கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். நட்டு போல்ட்டு வரிசை பிசகினால்கூட அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில் ஒரு கிளப்பைக் கொடுத்தால்? விதிகளால் கொன்றுவிட்டான். அதிலும் ஒரு விதி அவனுக்கு உயிர்: காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். வெறுமனே கோணலை நேராக்கத்தான் தொடுகிறாய் என்றால், தொடுவதற்கு முன்னால் "ஆட்டமில்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.*

[*உலகம் முழுக்க இதற்கு ஒரு பிரெஞ்சுச் சொல் வைத்திருக்கிறார்களாம். தணிகாசலத்துக்கு அது நாக்கில் நிற்கவில்லை. ஆகவே இது.]

அந்த வருஷம் பொங்கல் போட்டியில் டில்லிபாபு ஜெயித்திருக்க வேண்டியது. கம்பெனி லைனில் வேலை பார்க்கும் பையன், இருபத்தைந்து இருக்கும், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. யோசனையில் குதிரையை லேசாகத் திருப்பி வைத்தான்.

"தொட்டல்ல? ஆடு" என்றான் எல்லப்பன்.

டில்லிபாபுவின் அக்கா லீலா, பால்வாடியில் ஆயா, கிளப்பிலேயே நன்றாக ஆடுகிறவள், பக்கத்துப் பலகையிலிருந்து திரும்பினாள். "ண்ணா, கோணலா கீதேன்னு நேராக்குனான். அவ்ளோதான?"

"சொல்லிட்டு நேராக்கணும். வாய் இருக்குதுல்ல?"

குதிரையை நகர்த்தினான், தோற்றான், சிரித்தான். "செக்ரெட்டரிண்ணன் ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று எல்லப்பனுக்கே டீ எடுத்து வந்து கொடுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்காக இல்லாவிட்டாலும் டில்லிபாபுவுக்காக.

3

மே மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி உங்களுக்கே தெரியும். பெரிய தலைவர் ஒருவர் வருகிறார் என்று சுற்றுப்பட்ட ஊரெல்லாம் மைதானத்துக்குக் கிளம்பியது. எல்லப்பன் சைக்கிளை மிதிக்க, டில்லிபாபு பின்னால் குந்திக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டே போனான். லைட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ கேமராவில் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் பர்ஸ்ட் ஷிப்ட், தலைவர் வருவதற்கு நேரமாகும் என்றார்கள், திரும்பிவிட்டார்கள்.

விடிந்தபோதுதான் ரேடியோ சொன்னது, குண்டு வெடித்ததை.

[இங்கே ஒரு பக்கம் எழுதினேன். மைதானம், செருப்புகள், அப்புறம்... கிழித்துவிட்டேன். அங்கே செத்தவர்களுக்கு வீடு இருக்கிறது. என் கதைக்கு அவர்கள் வேலைக்காரர்கள் இல்லை.]

பயத்தை மட்டும் சொல்கிறேன். பஸ் ஓடவில்லை. கடைகள் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள் கூட்டத்துக்குப் போயிருந்த ஊர் மொத்தமும், விடிந்ததும் போகாத ஊராகிவிட்டது. "நீ போனியா?" "நானா? வூட்டுலயே இருந்தேன்பா." "நானும்தான்." தாடி வைத்திருந்தவர்கள் தாடியை எடுத்தார்கள். வாடகைக்குக் குடியிருந்த வெளியூர்ப் பையன்களின் அறைகள் பூட்டிக் கிடந்தன. ஜீப் சத்தம் கேட்டால் தெரு சுருங்கியது. மூன்று பேர் சேர்ந்து நின்றால் நான்காவது ஆள் வேறு பக்கம் நடந்தான்.

எல்லப்பன் அன்றைக்குப் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் வைத்தான்.

"நல்ல சட்டைய இன்னாத்துக்கு எரிக்கற?" என்றாள் அவன் மனைவி ராஜாமணி.

"கிழிஞ்சிடுச்சி."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். அவளுக்கும் பயம்தான்.

4

சங்கம், மன்றம், கிளப் என்று எதை நடத்தினாலும் பொறுப்பாளர் வந்து போக வேண்டும் என்று போலீஸிலிருந்து ஆள் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து விசாரித்தார்கள். முன்னால் நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் சுவரில் இன்னும் இருந்தன.

அதிகாரியை எப்படி எழுதுவது? மீசையை முறுக்கவிட்டுப் பார்த்தேன், மேசையைத் தட்டவிட்டுப் பார்த்தேன். பயமாகவே இல்லை. மரியாதையானவராக மாற்றினேன். பயம் வந்துவிட்டது.

"உட்காருங்க. சோடா குடிங்க" என்றார். மேசைமேல் இரண்டு வரிசையாகப் போட்டோக்கள். "அன்னைக்குச் சாயங்காலம் எடுத்தது. தெரிஞ்ச முகம் இருந்தா சொல்லுங்க. அவசரமில்ல."

கீழ் வரிசையில் டில்லிபாபு இருந்தான். வாயில் கடலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் ஓரத்தில், அவனை ஒட்டினாற்போல ஒரு தோள், ஒரு முழங்கை. கட்டம்போட்ட சட்டை. முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது.

எல்லப்பன் சோடா பாட்டிலைக் கீழே வைத்தான். 'தெரியும் சார், எங்க கிளப் பையன், நான்தான் கூட்டிட்டுப் போனேன்' என்று சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். நானும் அவனைச் சொல்லவைக்கப் பார்த்தேன், நாலைந்து தரம் எழுதினேன். அவன் வாயிலிருந்து வந்ததென்னவோ இதுதான்:

"யாரையும் தெரியாதுங்க."

"நல்லா பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேங்க."

"சரி. நீங்க போகலாம்."

போகலாம் என்று சொல்லிவிட்டார்! எழுந்தான். செருப்பை மாட்டினான். உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில், அவன் யோசிக்காத ஒரு நொடியில், கை தன் பாட்டுக்கு நீண்டது. கோணலாகக் கிடந்த ஒரு போட்டோவை ஒற்றை விரலால் நேராக்கியது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"இவரைத் தெரியுமா?"

"கோணலா இருந்திச்சி சார்... அதான்..."

"எல்லாப் படமும்தான் கோணலா இருக்கு. இதை மட்டும் ஏன் தொட்டீங்க?"

எல்லப்பன் அப்போதுதான் பார்த்தான். உண்மைதான். ஒன்றுகூட நேராக இல்லை.

"உட்காருங்க" என்றார் அதிகாரி, அதே குரலில். "பேர் என்ன இவருக்கு?"

"டில்லிபாபு. எங்க கிளப்புல ஆடற பையன் சார். நல்ல பையன்."

"நல்ல பையனை ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?" பேனா நகர்ந்து கட்டம்போட்ட தோளில் நின்றது. "பக்கத்துல இருக்கிறது யாரு?"

"தெரியலைங்க."

அதிகாரி தலையாட்டினார், எழுதிக்கொண்டார். வெளியே வெயிலில் வந்து நின்றபோது எல்லப்பனின் காதில் அவன் குரலே கேட்டது: வாய் இருக்குதுல்ல? அன்று மாலையே டில்லிபாபுவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

5

[இந்த இடத்தில் எல்லப்பன்மேல் எனக்கு வெறுப்பு வந்து கதையை மூடி வைத்துவிட்டேன். பிறகு அந்த மண்டபத்து நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்தேன். சோடாவை நானும் குடித்திருப்பேன். "தெரியாதுங்க" என்று சொல்ல அவன் எடுத்துக்கொண்ட நேரம்கூட எனக்குத் தேவைப்பட்டிருக்காது. திறந்துவிட்டேன்.]

6

ஞாயிற்றுக்கிழமை. தணிகாசலம் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். பின்கட்டில் எல்லப்பனும் அவரும் மட்டும். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் எல்லப்பன் வந்திருந்தான், வீட்டில் இருக்க முடியவில்லை.

லீலா குனிந்து உள்ளே வந்தாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். காய்களை அடுக்க ஆரம்பித்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி இன்னாம்மா ஆனான்?" என்றார் தணிகாசலம்.

"பாக்க வுட்டாங்க. கூட யாரு, கூட யாருன்னு அதையே கேட்டுக்கினு கீறாங்களாம். தூங்க வுடலையாம். தனியாத்தான் போனேன்னு சொல்லிக்கினு கீறான்."

"தனியாத்தான போயிருப்பான்?"

 லீலா சிப்பாயை நகர்த்தினாள். எல்லப்பனும் எதையோ நகர்த்தினான். அப்படியே ஆட்டம் பாதி தூரம் போய்விட்டது. வெளியே யாரோ காற்றடிக்கக் கூப்பிட, தணிகாசலம் எழுந்து போனார்.

"நம்ம வூட்டாண்டதான சைக்கிள நிறுத்துன" என்றாள் லீலா, பலகையைப் பார்த்தபடியே. "பெல் அடிச்ச. அவன் ஓடியாந்து பின்னால குந்துனான். நான் வாசல்ல நின்னு பாத்துக்கினுதான இருந்தேன்."

"லீலா..."

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா. அவனே உன் பேர சொல்லாதப்ப நான் எப்டி சொல்றது?" மூக்கை முந்தானையால் துடைத்தாள். "ஆனா அவன காட்டிக் குடுத்தது எந்தப் பாவின்னுதான் தெரியல. தெரிஞ்சா போய் வயித்துல அடிச்சிக்கினு கேப்பேன். உனக்கு எதனா தெரியுமாண்ணா?"

 எல்லப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பலகையைப் பார்த்தான். நகர்த்த வேண்டிய முறை அவனுடையது. அவன் குதிரை கட்டத்துக்குள் கோணலாக நின்றது. அவன் விரல் போய் அதை நேராக்கியது.

ஒன்றும் சொல்லாமல்.

பிறகுதான் தெரிந்தது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அந்தக் குதிரையை எங்கே நகர்த்தினாலும் அவன் ராணி போய்விடும். லீலாவுக்கு அது தெரியாமலிருக்காது.

"பரவால்லண்ணா" என்றாள் அவள். "நீ பயந்துக்கினு கீற. ஆட்டமில்லன்னு நான் வெச்சிக்கறேன். கைய எடு."

7

முடிவுகள்.

ஒன்று: எல்லப்பன் எழுந்து லீலாவோடு பஸ் ஏறுகிறான். மண்டபத்தில் போய், "அந்தத் தோள் என்னுது சார்" என்கிறான். அதிகாரி சிரித்து, இருவரையும்... [அடித்துவிட்டேன். அதிகாரி எதற்குச் சிரிக்க வேண்டும்? அந்த மாதத்தில் அங்கே யாரும் சிரிக்கவில்லை. இரண்டு தரம் தெரியாது என்று சொன்னவனை அவர் அப்படி விட்டுவிடுவார் என்று எனக்கு உறுதியில்லை. எல்லப்பனுக்கும் இல்லை.]

இரண்டு: எல்லப்பன் கையை எடுத்துக்கொள்கிறான். டில்லிபாபு எப்படியோ திரும்பி வருகிறான், மெலிந்து, சிரிப்பில்லாமல். கிளப்புக்கு வருவதில்லை. எல்லப்பன் கிழவனாகி, ஒருநாள் ஸ்டூடியோவில்... [இதையும் அடித்தேன். ஸ்டூடியோவில் நான் பார்த்த விரல் பயந்திருந்தது, நிஜம். ஆனால் போகாதவன்தான் அப்படிப் பயப்படுவான் என்று யார் சொன்னது? போய்ச் சொன்னவனும் காலமெல்லாம் பயப்படலாம்.]

மூன்றாவது என்னிடம் இல்லை.

விரல் இன்னும் குதிரைமேல்தான் இருக்கிறது. முன்னால் தணிகாசலம் பம்பை அடிக்கும் சத்தம் கேட்கிறது. டயர் நிறைந்ததும் அவர் உள்ளே வந்துவிடுவார், அதற்குப் பிறகு பேச முடியாது. வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ் தூரத்தில் ஹாரன் அடிக்கிறது, அதில் ஏறினால் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

நான் எழுந்துகொள்கிறேன். என்னால் ஆகவில்லை, எனக்கும் பயம்தான். எல்லப்பன் இருக்கும் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். குதிரைமேல் இருப்பது இப்போது உங்கள் விரல். எதிரில் லீலா இருக்கிறாள், கண் வீங்கி, உங்களை முழுக்க நம்பிக்கொண்டு. அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அவள் மறுபடியும் கேட்கமாட்டாள்.