மீதி இருபத்து நான்கு

கரும்பலகையில் மூன்று வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, கணக்கு டீச்சர் விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதினாள். நாலில் மூன்று என்று பின்னத்தில் ஒரு வரி. 0.75 என்று தசமத்தில் ஒரு வரி. 75% என்று கடைசி வரி. "மூணும் ஒண்ணுதான். ஒரே ஆளு சட்டையை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வர்றான், அவ்வளவுதான். சரியா?" என்றாள். ஆறாம் வகுப்பு மொத்தமும் "சரி டீச்சர்" என்று ராகம் போட்டு இழுத்தது. இழுவை அடங்கிய பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது.

"இல்ல டீச்சர். வேற வேற."

வகுப்பில் எல்லோரும் 'வாத்து' என்று கூப்பிடும் பெண் அவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். இந்த வருடம்தான் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கால்களை அகட்டி அகட்டி, ஒவ்வோர் அடியையும் தரையிடம் கேட்டுக்கொண்டு வைப்பதுபோல நடப்பாள். முதல்முறை அந்தப் பட்டப்பெயரைக் கேட்டபோது டீச்சருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சமாளித்தாள்.

வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் எந்தப் பிள்ளையின் மேலும் கை வைத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அடித்துப் புரியவைக்க முடிந்தால் மாடுகூடப் பின்னம் படிக்கும் என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லுவாள். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, நூறு கட்டம் போட்ட அட்டையை மேசைக்கடியிலிருந்து எடுத்துப் பலகையில் மாட்டி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். பெண் வந்தாள். சாக்பீஸை வாங்கி ஏழு வரிசையை மளமளவென்று நிரப்பி, எட்டாவது வரிசையில் பாதியில் நிறுத்தினாள். ஐந்தில் இரண்டு எவ்வளவு என்றதற்கு, கேள்வி முடியும் முன்பே புள்ளி நாலு, நாற்பது சதவீதம் என்றாள். வகுப்பிலேயே இவ்வளவு வேகமாக மாற்றத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

"அப்புறம் என்னடி? ஒண்ணா, வேறயா?"

"கணக்குல ஒண்ணு டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்ப நடந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் இறங்குகிறவள்போல மெல்ல உட்கார்ந்தாள். பின்னாலிருந்து யாரோ வாத்துபோலக் கத்திக் காட்ட, வகுப்பே சிரித்தது.

அன்று மத்தியானம் ஆசிரியர்கள் அறையில் டீச்சர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். இருபது மதிப்பெண் பரீட்சை. போன வருடம்வரை இருபதுக்கு இத்தனை என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். புதிதாக வந்த தலைமையாசிரியை, பெற்றோருக்குச் சதவீதம்தான் புரிகிறது என்று மாற்றிவிட்டார். மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் பதினைந்து வந்திருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே எழுதப்போகும் நேரத்தில் கதவோரம் அந்தப் பெண் நின்றாள்.

"டீச்சர், எனக்குப் பதினஞ்சுதான் வரும்னு தெரியும். எனக்கு மட்டும் அதைப் பின்னமா எழுதித் தர்றீங்களா? கீழ நாலு, மேல மூணுன்னு?"

"ஏன்? உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"அப்பா மேல வட்டத்துல இருக்கறதை மட்டும்தான் பாப்பாரு. எவ்வளவு குறையுதோ அவ்வளவு அடி. இருபதுக்குப் பதினஞ்சுன்னா அஞ்சு. நூத்துக்கு எழுபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சு. நாலுக்கு மூணுன்னா ஒண்ணுதான் டீச்சர்."

டீச்சருக்குச் சட்டென்று விளங்கவில்லை. வாய்க்கணக்கு ஒன்றை ஒப்பிப்பதுபோலத்தான் அந்தப் பெண் சொன்னாள். குரலில் அழுகை இல்லை, புகார் இல்லை. "புள்ளி வச்சு எழுதினா இன்னும் நல்லது. ஒண்ணுக்குக் கால்தான் குறையும். கால் அடி அடிக்க முடியாதுல்ல? ஆனா அப்பாவுக்குச் சந்தேகம் வந்துடும்" என்றும் சேர்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கதவைச் சாத்தச் சொல்லி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள் டீச்சர். கெண்டைக்கால்களிலும் தொடையின் பின்புறத்திலும் விரல் பருமனில் கோடுகள். சில கறுத்து, சில பச்சையாக, சில இன்னும் சிவப்பாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. தோல் எங்கேயும் கிழிந்திருக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றும் ரப்பர் குழாயை இரண்டாக மடித்து அடிப்பாராம். அடித்து முடித்ததும் அவரே களிம்பு தடவிவிடுவாராம். அம்மா என்ன செய்வாள் என்று கேட்டதற்கு, அம்மா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள் என்றாள்.

"நான்தான் சத்தமா எண்ணணும் டீச்சர். தப்பா எண்ணினா முதல்லேர்ந்து."

இந்த வருடம்தானே வாத்து நடை வந்தது என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து அடி இருபத்தைந்து ஆனது இந்த வருடத்தில்தான். ஒவ்வொரு முறையும் வட்டத்துக்குள் ஐந்தால் பெருக்கி எழுதியது அவளுடைய கை. கீழே நாலு, மேலே மூன்று என்று எழுதித் தாளை நீட்டினாள்.

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்து, "ஒண்ணுதான் டீச்சர்!" என்றாள். முகமெல்லாம் பல். பரிசு வாங்கினவள்கூட அப்படிச் சிரிக்க மாட்டாள். டீச்சருக்கும் மனசு குளிர்ந்தது. ஒரு பிள்ளை ஒரே ஓர் அடி வாங்கியதற்காக நான் சந்தோஷப்படுகிறேனே என்று அடுத்த நிமிடமே தன்னை நினைத்து அருவருத்தாள். தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "அப்பா கண்டிக்கறதெல்லாம் நம்ம வேலை இல்லம்மா. விளையாட்டு விழாவுக்கு மருந்துப்பெட்டியே அவர்தான் சும்மா தர்றாரு. பேசிப் பாக்கறேன்" என்றார் அவர். பேசவில்லை.

மருந்துக்கடைக்காரர் அந்த வாரக் கடைசியில் தானாகவே வந்தார். இருமல் மருந்து வாங்க வந்த யாரோ, தன் பையன் அதே கணக்குப் பரீட்சையில் எண்பது சதவீதம் என்று பீற்றிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து பிடித்துவிட்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற பணிவு. பள்ளி விட்டிருந்த நேரம். ஆறாம் வகுப்பில் டீச்சர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஊருக்குக் கேட்கக் கூடாது என்பதற்கோ என்னவோ, உள்ளே வந்ததும் கதவை மெதுவாகச் சாத்தினார். மகளின் மேல்கையை ஒரு கையால் பற்றியிருந்தார். அவள் நுனிக்காலில் நின்றாள்.

"வணக்கம் டீச்சர். நான் நாள் முழுக்க மருந்து அளக்கறவன். நாலுக்கு மூணுன்னா நூத்துக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?" விடைத்தாளை மேசையில் வைத்து நீவிவிட்டார். "பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்கலாமா? உங்க கையாலேயே திருத்தி எழுதிடுங்க."

"பொய் எதுவும் எழுதல. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதானே? அப்ப எழுதறதுக்கு என்ன?" அவர் சிரித்தார். "ஒண்ணு வாங்கிட்டா. மீதி இருபத்து நாலு பாக்கி. உங்க முன்னாடியே முடிச்சுடலாம். டீச்சரும் அப்பாவும் ஒரே பேச்சு பேசறாங்கன்னு அவளுக்குத் தெரியணும்ல?"

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்தபோது, சாவிக்கொத்தையோ கைக்குட்டையையோ எடுப்பதுபோலத்தான் இருந்தது. டீச்சர் மேசையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒரு சத்தம். "ரெண்டு" என்றாள் பெண். பழையதையும் சேர்த்து எண்ணுகிறாள் என்பது டீச்சருக்கு மண்டையில் ஏறியது. அடுத்தது விழுந்தது. "மூணு."

டீச்சர் குழாயைப் பிடித்தாள். அவர் உதறினார். பிடி நழுவி, சுழன்று வந்த குழாய் அவள் கன்னத்திலிருந்து காதுவரை இழுத்துவிட்டுப் போனது. கண்ணாடி தெறித்து விழுந்தது. காதுக்குள் ஒரே ரீங்காரம். "மன்னிச்சிடுங்க டீச்சர், நீங்க குறுக்க வந்துட்டீங்க" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சொல்லிக்கொண்டே மறுபடி கையை ஓங்கினார்.

பலகையில் வட்டம் போடும் மரக் காம்பஸ் ஆணியில் தொங்கியது. கை நீளம், முனையில் இரும்பு. அதை எடுத்தது டீச்சருக்குப் பிற்பாடு நினைவில்லை. அடித்தது நினைவிருந்தது. முதல் அடி அவருடைய மணிக்கட்டில் விழுந்து குழாய் பறந்தது. இரண்டாவது தோளில். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே மடங்கிவிட்டிருந்தார். சண்டை அதோடு தீர்ந்துபோயிருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. மூன்றாவது அடியில் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் வழிந்தது. அதற்குப் பின் முதுகில், விலாவில், மறைத்த விரல்களில். ஒவ்வோர் அடியும் எலும்பில் முட்டித் திரும்பும்போது டீச்சரின் தோள்வரை ஒரு சுகம் ஏறியது. பசித்தவன் வாயில் சோறு விழுகிற மாதிரியான சுகம். இது எனக்குள் எங்கே இருந்தது என்று யாரோ அவளுக்குள்ளிருந்து கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை இறக்கினாள். சலவைச் சட்டைக்காரர் "அம்மா, அம்மா" என்று குழந்தைபோல அழுதார்.

அறையில் இன்னொரு குரலும் கேட்டுக்கொண்டிருந்தது. பலகையின் ஓரம் முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற பெண், கண்களை இறுக மூடி, "எட்டு... ஒம்பது... பத்து..." என்று சத்தமாக, தப்பில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்டதும்தான் டீச்சரின் கையிலிருந்து காம்பஸ் விழுந்தது. "போதும்டி... எண்ணாத" என்று அவளை அணைக்கப் போனாள். பெண் கண்ணைத் திறந்து, டீச்சரின் கையைப் பார்த்து, சரேலென்று விலகி மூலைக்குள் ஒடுங்கினாள். இரண்டு கைகளாலும் கெண்டைக்கால்களை மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கை எலும்பில் விரிசல், நெற்றியில் தையல். பெண்ணை வீட்டுக்கு யார் கூட்டிப்போனார்கள் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை தண்ணீர்கூடக் கொடுக்காமல், "பிள்ளையை அடிக்கறாருன்னு வந்து சொன்ன நீங்களா இப்படிச் செஞ்சது? வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க. அவரு போலீசுக்குப் போவாரா மாட்டாரான்னு பாப்போம்" என்றார். அந்த முதல் கேள்வியைத்தான் டீச்சரும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் குடியிருந்தது மாடியில், தனியாக, ஓர் அறையும் சமையலறையுமான வீடு. மறுநாள் பொழுது சாயும் வேளையில் கதவைத் திறந்தால் அந்தப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் நின்றார்கள். அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அதைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பெண் ஜன்னலோரம் போய், டீச்சரின் கை எட்டாத தூரத்தில் சுவரோடு நின்றுகொண்டாள். டீச்சரின் கன்னத்துக் கோட்டை மட்டும் அடிக்கடி பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கோடு அது.

அம்மா கேட்டாள். "நீங்க அடிச்சப்ப அவரு அழுதாராமே? இவதான் சொன்னா."

"ஆமா" என்றாள் டீச்சர். "நான் அப்படி அடிச்சிருக்கக் கூடாது."

அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கும் வலிக்கும்னு எனக்கு இத்தனை வருசமா தோணவே இல்ல டீச்சர். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் பாத்தேன். கட்டுப்போட்ட கையோட சோத்தைப் பிசைய முடியாம உக்காந்திருந்தாரு. ஊட்டிவிடுன்னாரு. ஊட்டிவிட்டேன். தண்ணி கொண்டாந்து தர்றேன்னு எந்திரிச்சு, இவளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்." துணிப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே, "எங்க போறதுன்னு யோசிக்கல" என்றாள்.

டீச்சர் அடுப்பில் பால் வைத்தாள். பாத்திரத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். இந்தக் கையை நம்பித்தான் இவர்கள் வந்திருக்கிறார்களா என்று நினைத்தபோது பயமாக இருந்தது. வேறெங்காவது அனுப்பிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று வந்து நின்று, இன்ஜின் அணைந்தது. ஜன்னலோரம் நின்ற பெண் எட்டிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் சாய்த்துக் காது கொடுத்தாள். "அப்பா இருமல்" என்றாள். படியில் செருப்புச் சத்தம் ஏறியது. பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது.

டீச்சர் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். பழைய வீடு, தாழ்ப்பாளின் திருகாணிகளில் ஒன்று ஏற்கெனவே கழன்று போயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அம்மா எழுந்து வந்தாள். நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக் கதவில் முட்டக் கொடுத்து, முதுகைக் கதவோடு சேர்த்து அதில் உட்கார்ந்தாள். மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டாள். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றினாள்.

"கதவைத் திறம்மா" என்றது வெளியே அந்தப் பணிவான குரல். "டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பிறகு கதவு அதிர்ந்தது. கதவோடு அம்மாவின் முதுகும் தலையும் முன்னால் தூக்கிப்போட்டன. இன்னொரு முறை அதிர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகும் வாடை எழுந்தது. யாரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை. ஒவ்வோர் இடிக்கும் அம்மா நாற்காலியோடு ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தாள். நகர்ந்த உடனேயே பாதங்களை உந்தி, மறுபடி பின்னால் போய்க் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.