பதினான்காம் உறை

டொக்டர் றஸ்மியா தொலைபேசியில் பாராட்டியபோதுதான் என் தம்பி சிவமணி பொய் எழுதியிருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

1998ஆம் ஆண்டு. புகைப்பவர் எவ்வளவு நிக்கொட்டினையும் தாரையும் உள்ளே இழுக்கிறார் என்பதை அவர் எறிந்த பில்டரைக் கொண்டு கணிக்கலாம். வாய்ப்பக்கத்து நுனியை வெட்டி, அதில் தங்கியதை அளக்க வேண்டும். இரண்டு ஆய்வுகூடங்கள் ஒரே விடையைத் தருமா என்று பார்க்க டொக்டர் விரும்பினார். இருபது பேரின் சிகரெட் துண்டுகளை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கோர் இலக்கமிட்ட உறையில் போட்டு, ஒரு பாதியைக் கொட்டாஞ்சேனையிலுள்ள ஆய்வுகூடத்துக்கும், மறுபாதியை வெள்ளவத்தையில் எங்கள் அப்பாவின் பெயரில் இயங்கும் ஆய்வுகூடத்துக்கும் தந்தார். முடிவு வரும்வரை இரு பகுதியினரும் கதைக்கக் கூடாது என்றார்.

"எங்கட குடும்பத்துக்கு அதைச் சொல்லத் தேவையில்லை" என்றேன்.

இப்போது தொலைபேசியில் அவர் சொன்னார்: "ரெண்டு எடத்து நம்பரும் ஒத்து வந்திரிக்கி, சேர். பதினாலாவது ஆள்தான் ஆகக் கூட. அங்க ஒண்டு தசம் நாலு மில்லிகிராம், ஒங்கட ஒண்டு தசம் மூணு."

பதினான்காம் உறை எங்களிடம் வரவே இல்லை. பொட்டலத்தை நானே பஸ்ஸில் கொண்டுவந்தேன். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரன் கயிற்றை அறுத்து, ஓர் உறையைக் கிழித்து, சிகரெட் துண்டுகளை மழைத்தண்ணீரில் கொட்டிச் சிரித்தான். நான் சட்டைப்பையிலிருந்த என் கைலேஞ்சியைக் கிழித்து மீதிப் பத்தொன்பதையும் கட்டினேன். அறுபத்தெட்டு வயதில் தெருவில் அப்படி நின்றதை எவரிடமும் சொல்ல மனம் வரவில்லை. உறைகளை எண்ணும்போது சிவமணி கேட்பான், அப்போது சொல்வோம் என்றிருந்தேன். அவன் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தேன். கைலேஞ்சி முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

"மெஷின் பழுதண்ணை" என்றான் சிவமணி. "கொட்டாஞ்சேனையில அளக்கிற மெற்றில்டாவிட்ட நம்பரைப் போன்ல கேட்டனான். கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டன். குப்பைச் சிகரெட்தானே."

"அப்பாவின்ர பேருக்குக் கீழ போட்டனி. பதினாலாவது உறையை ஆமிக்காரன் றோட்டில கொட்டினவன், அது உனக்கு வரவே இல்லை."

"பதினாலு றோட்டில போனதெண்டு நீங்களும் வாய் திறக்கேல்லையே. ஆருக்கு ஒளிச்சனீங்கள்?"

ஆய்வுகூடத்தின் தாளொன்றை எடுத்தேன். டொக்டருக்குக் கடிதம் எழுதினேன். பதினான்காம் உறை தொலைந்ததை நான் மறைத்தேன் என்பது முதல் வரி. எதையும் அளக்காமலே என் தம்பி அறிக்கை தந்தான் என்பது இரண்டாவது.

"ஊர் சிரிக்கும், அண்ணை. அப்பான்ர பேரும் போகும்."

பில்டர் நுனி வெட்டும் அலகை எடுத்து, தாளின் தலைப்பில் அச்சடித்திருந்த அப்பாவின் பெயரை வெட்டி எடுத்தேன். அடியில் என் பெயரை மட்டும் எழுதினேன்: சுந்தரலிங்கம். கேட்டும் சிவமணி கையெழுத்து வைக்கவில்லை. நான் இரண்டாம் முறை கேட்கவுமில்லை.

கடிதத்தையும் பொட்டலத்தையும் டொக்டரிடம் கொடுக்க பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டியில் ஆமிக்காரன் கை நீட்டுமுன்பே கைலேஞ்சி முடிச்சை நானே அவிழ்த்தேன்.