நாலு வெள்ளைக் கட்டங்கள்

வீட்டில் அவனுக்குப் பூனை என்று பெயர். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் நழுவிவிடுவான் என்று அக்கா வைத்தது. பிழைப்பு, மென்பொருள் எழுதுவது.

அந்தத் தொழிலில் ஆளுக்கொரு பக்கம் இணையத்தில் உண்டு. நாளுக்கு ஒரு கட்டம். வேலை செய்த நாள் பச்சை, சும்மா இருந்த நாள் வெள்ளை. பூனையின் வேலை முழுக்கக் கம்பெனிக்குள்ளேயே பூட்டிக் கிடந்ததால் அவன் பக்கம் மொட்டையாக இருந்தது. வேறொரு கம்பெனியின் வீடியோ நேர்காணலுக்கு அரைமணி முன்னால்தான் 'பூட்டிய வேலையையும் காட்டு' என்ற பொத்தானைத் தட்டினான். என்ன வேலை என்று காட்டாது, எந்த நாளில் எத்தனை என்று மட்டும் காட்டும். பக்கம் பச்சைப்பசேல் என்றானது. பூரித்துப்போனவன் கட்டங்களை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நேர்காணலில் அந்தக் கம்பெனியின் மேலாளர் அம்மாள் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையைக்கூட விடலை போலிருக்கே! ஆனா மார்ச்சுல மட்டும் நாலு நாள் வெள்ளையா இருக்கு. லீவா?"

பூனை அப்போதுதான் அந்தக் கட்டங்களைப் பார்த்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த நாலு நாள் அது. "தலைக்கு மேல வேலைக்கா, எழுந்திரிக்கவே முடியலை" என்று அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டு, வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கம்ப்யூட்டரைத் திறக்கக்கூட இல்லை. அம்மா செத்துவிடுவாளோ என்ற பயம். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அக்கா நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பாள். நம் பெரிய மனிதருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அம்மாவுக்கு ஆபரேஷன், மேடம்."

"அடடா. பக்கத்துலயே இருந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்ல காரியம் பண்ணீங்க. வேலையை எப்ப வேணா பாத்துக்கலாம்."

பின்னால் ஏதோ அசைந்தது. மடித்த துணிகளோடு அக்கா அறை வாசற்படியில் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். நாலு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவள். திரையில் பச்சைக்கு நடுவே அந்த நாலு வெள்ளையும் பல் விழுந்த இடம்போல இளித்தன.

அழைப்பு முடிந்ததும் பொத்தானை அவசரமாக அணைத்தான். பக்கம் பழையபடி மொட்டையானது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்ன?

"அக்கா..."

அவள் துணியைக் கட்டிலில் வைத்தாள். "கண்ணு முழிச்சதும் அம்மா உன்னைத்தான்டா கேட்டா. நாலு நாளும் கதவையே பாத்துட்டிருந்தா. நான்தான் வேலை வேலைன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

அவமானத்தில் அவனுக்குக் காது மடல்வரை எரிந்தது. அவள் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னடி அங்க? அவனைத் திட்டறியா? பாவம்டி, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட ராப்பகலா வேலை பாத்த புள்ள."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஆமாம்மா. வேலைதான் பாத்தான்."