அடிச்சட்டம்

கிழக்கு வெளுக்கும் முன்பே மரக்காணம் உப்பளத்தில் ஆள் இறங்கியாயிற்று. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மையே கண்ணைப் பறித்துவிடும். ஆண்கள் கணுக்கால் நீரில் நின்று, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்கினார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பின்மேல் ஓட்டமும் நடையுமாகப் போய் லாரியில் கொட்டினார்கள். கூடையிலிருந்து கசிந்த உப்புநீர் நெற்றி வழியே இறங்கிக் கண்ணை எரித்தது. இரண்டு கையும் கூடையைப் பிடித்திருக்க, துடைப்பது எப்படி? பாதத்தில் வெடிப்பில்லாத ஆள் ஒருத்தரும் அங்கே இல்லை.

அந்த லாரியும் அதே உப்புநீரைத்தான் குடித்து வந்தது. ஈர உப்பு ஏறியதும் தொட்டிப் பலகைகளின் இடுக்கில் நீர் ஒழுகி அடியில் சொட்டும். வருஷக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. விடியலில் பெண்களை மெயின் ரோட்டிலிருந்து உப்பளத்துக்குக் கொண்டுவருவதும், பொழுது சாய்ந்ததும் உப்பு லோடின்மேலேயே உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவதும் அந்த லாரிதான்.

சகாயமேரி கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது லாரிக்கடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டிரைவர் தனகோடி.

"என்னாண்ணா, அடியில பூந்துட்ட?"

"வரப்புல ஏறும்போது ஒரு சத்தம் வந்துச்சு. எலும்பு முறியிற மாதிரி. கொஞ்சம் குனிஞ்சு பாரு."

அவள் குனிந்தாள். லாரியின் முழு நீளத்துக்கும் ஓடும் இரும்புச் சட்டத்தில் தனகோடி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். அது உள்ளே போய்விட்டது. செதில் செதிலாகத் துரு அவன் மார்பில் உதிர்ந்தது.

"இதாம்மா சேஸ். இஞ்சின், தொட்டி, நீங்க எல்லாம் இதும்மேலதான் உக்காந்து வர்றீங்க. போற வழியில இது மடங்கிச்சின்னா பிரேக்க மிதிச்சி என்னா பிரயோஜனம்?"

"வெல்டிங் வெச்சா நிக்காதா?"

"ஒட்டுறதுக்கு நல்ல இரும்பு இருக்கணும்ல? தொட்ட எடமெல்லாம் கொட்டுது."

சகாயமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அவள் உட்கார்ந்து போனது சரியாக அந்த இடத்துக்கு மேலேதான்.

முதலாளி சக்கரபாணி பைக்கில் வந்து இறங்கியதும் தனகோடி விஷயத்தைச் சொன்னான். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"துரு புடிக்காத வண்டி மரக்காணத்துல எதுப்பா இருக்குது? மழை எறங்கறதுக்குள்ள உப்பு கரையேறணும். அப்புறம் காயலாங்கடைக்குத் தள்ளிடலாம்."

"அதுவரைக்கும் தாங்காதுங்க. லோடு ஏத்தினாலே ஆபத்து. இதுல பொம்பளைங்கள வேற ஏத்துறோம்."

"நீ டிரைவரா, இன்ஸ்பெக்டரா?"

"டிரைவருதான். அதனாலதான் சொல்றேன். ஆள ஏத்த மாட்டேங்க. லோடும் ஏத்த மாட்டேன்."

"சாவியக் குடு" என்று கையை நீட்டினார் சக்கரபாணி.

தனகோடி சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வரப்பில் நடந்தான். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் லாரி வரவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியலில் மெயின் ரோட்டில் வந்து நின்றபோது அதன் அடிப்பாகம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. ஸ்டியரிங்கில் மோகன் என்ற புது ஆள். பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரன். படகு பழுதாகிக் கரையில் கிடப்பதால் கிடைத்த வேலைக்கு வந்திருந்தான்.

பெண்கள் ஏறாமல் நின்றார்கள். சகாயமேரி முட்டி போட்டு லாரிக்கடியில் கையை விட்டாள். பெயிண்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே அமுங்கியது. கறுப்புத் தோலுக்குக் கீழே அதே பொடி.

"துருவ எடுக்கல. மூடி வெச்சிருக்காங்க."

ஆராயிதான் முதலில் வாய் திறந்தாள். புருஷன் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு வீட்டுக்கு அவள் ஒருத்திதான் சம்பாத்தியம்.

"ஏறலன்னா வேலை இல்லன்னு சொல்லிடுவாரேடி."

"ஏறினா நாம இல்லாம போயிடுவோம்க்கா. நடந்தே போவலாம். எல்லாரும் நடந்தா அவரு யார நிறுத்துவாரு?"

ஆராயி லாரியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

சகாயமேரி மட்டும் கேபின் பக்கம் போனாள். "தம்பி, நீயும் ஓட்டாத. எறங்கிடு."

"நான் என்னாக்கா பண்றது? ஊட்ல புள்ளைங்க இருக்குது" என்றான் மோகன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உப்பளத்து வாசலில் சக்கரபாணி காத்திருந்தார். "வண்டியில ஏறாதவளுக்குப் பாத்தியில வேலை கெடையாது." பாத்தியில் நின்ற ஆண்கள் இதைக் கேட்டதும் ஒவ்வொருவராகப் பலகையைக் கீழே வைத்தார்கள். சக்கரபாணி தன் உறவுக்கார இளைஞர்களை வரவழைத்துக் குவியலிலிருந்து லாரியை நிரப்பச் சொன்னார். நிரம்பிய பிறகும் இன்னும் போடச் சொன்னார். பாரத்தில் லாரியின் நடுப்பகுதி தாழ்ந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த தனகோடி வரப்பின் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டினான்.

"மோகன்! எடுக்காத! எடுக்காதடா!"

இஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை. லாரி நகர்ந்தது. வரப்பு திரும்பும் இடத்தில், வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது, படீரென்று ஒரு சத்தம். லாரி நடுவில் மடங்கியது. முன்பக்கம் வாய்க்காலுக்குள் குத்த, பின்னாலிருந்து தொட்டி கேபினைத் தள்ள, அவ்வளவு உப்பும் சரிந்து மூடியது. வெள்ளைக் குவியலுக்குள்ளிருந்து ஹாரன் மட்டும் நிற்காமல் அலறியது.

வேலை மறுக்கப்பட்ட அத்தனை பேரும் ஓடினார்கள். கூடையால், பலகையால், வெறுங்கையால் உப்பைத் தோண்டினார்கள். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. தனகோடி கதவைப் பிடித்துப் பிய்த்தான். மோகனின் கால் நசுங்கி மாட்டியிருந்தது. காயத்தில் உப்பு ஏற ஏற அவன் போட்ட சத்தத்தைக் கேட்க முடியவில்லை. ஆராயி தன் தூக்கிலிருந்த தண்ணீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினாள். இழுத்து வெளியே போட்டபோது உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் சகாயமேரி அதைக் கேட்டாள். சக்கரபாணி போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கிரேன் கொண்டா. இரும்பு வெட்டுற கட்டரும் எடுத்தா. போலீஸ் வர்றதுக்குள்ள வண்டி இங்க இருக்கக் கூடாது. ... ஆமா, புது டிரைவரு. வேகமா ஓட்டிக் கவுத்துட்டான்."

கால் நசுங்கிக் கிடப்பவன் மேலேயே பழியும் விழப்போகிறது. அவள் போய் எல்லோரிடமும் சொன்னாள். தனகோடி உடனே போனை எடுத்துப் போலீசுக்கும், தனக்குத் தெரிந்த தொழிற்சங்கத்துக்காரருக்கும் தகவல் சொன்னான்.

யாரும் சொல்லாமலே ஆராயி போய் முறிந்த சட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் அவர்களுக்கு வெளியே நின்றார்கள்.

கிரேன் வந்தது. சக்கரபாணியின் குரல் மாறியிருந்தது.

"ஏம்மா, நாளைக்கே வேற வண்டி விடுறேன். எல்லாருக்கும் வேலை இருக்குது. எழுந்திரிங்க."

"வேற வண்டி வரட்டும். இது இப்படியே கெடக்கட்டும்" என்றாள் சகாயமேரி. "பாக்க வேண்டியவங்க வந்து பாக்கட்டும்."

"நீங்கல்லாம் மறுபடி எந்த அளத்துல வேலைக்குப் போறீங்கன்னு நான் பாக்குறேன்."

ஆராயி நிமிர்ந்தாள். "உள்ள ஒரு புள்ள கத்துனானே மொதலாளி, கேட்டீங்களா? நான் கேட்டேன். இனிமே என்னால இங்கேருந்து எழுந்திரிக்க முடியாது."

அவர் கிரேன்காரனைப் பார்த்துக் கையசைத்தார். இஞ்சின் உறுமியது. இரும்புக் கொக்கி பெண்களின் தலைக்கு மேலே வந்து ஆடியது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடலிலிருந்து வந்த காற்றில் முதல் தூறல் விழுந்தது. போலீஸ் வருமா, வந்தால் யார் பேச்சைக் கேட்கும், நாளைக்கு அடுப்பு எரியுமா, யாருக்கும் தெரியாது.

அப்போது அடுத்த அளங்களின் வரப்புகளில் ஆட்கள் தெரிந்தார்கள். ஹாரன் அலறியது அவர்களுக்கும் கேட்டிருந்தது. அவர்களை ஏற்றிப் போகும் வண்டிகளும் இதே உப்பில்தான் ஓடுகின்றன. கூடையும் பலகையுமாக அவர்கள் வந்தார்கள், மடங்கிக் கிடந்த லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள், கூடையையும் பலகையையும் கீழே வைத்தார்கள்.

சகாயமேரி ஈர மண்ணில் நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள்.