ஆஸ்திரேலியாக்காரச் சகலன்

என் சகலன் டேரன் ஆஸ்திரேலியா நாட்டு அணிக்கு விளையாடியவன். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மாமா குகநேசன் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டார். போன கோடையில், அவருடைய இளைய மகள் யதுர்ஷாவை அவன் கட்டி ஆறு மாதம்தான். அதற்குள் தொலைக்காட்சிக்கு முன்னாலிருக்கும் நல்ல சோபா அவனுக்கு, ஆட்டிறைச்சிக் கறியில் ஈரல் அவனுக்கு. மூத்த மருமகன் நான் ஒன்பது வருடமாக அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை சுமந்துவந்தேன். "பிரசாந்தன், காரை எடும்" என்பதைத் தவிர எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "பொறாமையோ?" என்று என் மனைவி கம்சாயினி கேட்டாள். ஓம், பொறாமைதான். வயிறு பற்றி எரிந்தது.

அந்தக் கோடையில் அது இன்னும் மோசமானது. நகரின் மறுபக்கத்துப் பியோர்ண்டால் தமிழ் அணியோடு வருடா வருடம் எங்களுக்கு ஒரு கிரிக்கெட் ஆட்டம். எங்கள் கழகத்துக்குத் தலைவர் மாமா. துடுப்போடு முதலில் இறங்குவது எப்போதும் நான். இந்தமுறை மாமா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "டேரன் முதல் இறங்கட்டும். நீர் ஏழாவதாய் இறங்கும்." மொத்தக் கழகமும் கைதட்டியது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஏதாவது குறை அகப்படுமா என்று, சம்பந்தப் பேச்சு வந்தபோதே அவனைப் பற்றிக் கைபேசியில் துருவித் துருவித் தேடியவன் நான். அவன் விளையாடியது ரக்பி. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆள்மேல் ஆள் விழுகிற விளையாட்டு. பன்னிரண்டு முறை நாட்டின் சட்டையைப் போட்டிருக்கிறான். பிறகு கழுத்தெலும்பு முறிந்து எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது ஒஸ்லோவில் ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் வேலை. எங்கள் ஆட்களுக்கு ஆஸ்திரேலியா என்றாலே கிரிக்கெட், அதனால் ஒருவரும் விசாரிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நன்றாக மூக்குடைபடட்டும், மாமாவின் முகம் கறுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டேரன் மண்வெட்டியைப் பிடிப்பது போலத் துடுப்பைப் பிடித்தான். முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் பறந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவனை மாமா எழுந்து போய்க் கட்டிப்பிடித்தார். முந்தின வருடம் நான் பூச்சியத்தில் ஆட்டமிழந்தபோது, வீடு போய்ச் சேரும்வரை காரில் ஒரு சொல் பேசாத மனிதர்!

என்னால் அடக்க முடியவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"மாமா, அவர் கிரிக்கெட்காரர் இல்லை. ரக்பி."

"தெரியும்."

"தெரியுமோ?"

"பொம்பிளை குடுக்கிறவன் விசாரியாமல் விடுவனோ? கழுத்து முறிஞ்ச பிறகு ஆள் ஒரு மைதானத்திலையும் இறங்கேல்லை. உங்கடை கழகத்தின்ரை சட்டையைப் போட்டு ஒருக்கா இறங்கட்டோ எண்டு கேட்டவர். எப்பிடி ஏலாதெண்டு சொல்லுறது?" எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார். "உமக்கு எப்ப தெரியும்?"

"கலியாணத்துக்கு முதலே."

மாமா என் தோளில் கைவைத்தார். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"நீர் நினைச்சிருந்தால் எல்லாருக்கும் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கலாம். ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. அந்தாளின்ரை மரியாதையைக் காப்பாத்திப் போட்டீர். உம்மைப்போல ஒரு மருமகன் கிடைச்சது எங்கடை புண்ணியம், தம்பி."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கினேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஓம் மாமா" என்றேன்.