குழிக்குள் வைத்த சந்தனம்

“வித்துத் தொலைச்சிருவோம்னு நான் அன்னைக்கே—”

“அன்னைக்கே, அன்னைக்கே! வித்துட்டு ரெண்டு பேரும் மறுபடி மில்லுல நூல் கோன் சுத்தவா?”

“ஒரு போட்டோவ வைக்கதுக்குள்ள மயங்கி விழுற பெட்டி. அதுக்குப் புது மூளை வாங்கிப் போடுதீகளாக்கும் மதினி!”

தங்கபாயும் அவள் நாத்தனார் சண்முகத்தாயும் சண்டை பிடித்தால் நடுவில் எறும்பு நுழைய இடமிருக்காது. ராஜபாளையத்தில் இருவரும் சேர்ந்து நடத்தும் டி.டி.பி. கடைக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர். திரையும் உள்சாமானும் ஒன்றாய், ஒரே பெட்டி. கல்யாணப் பத்திரிகை என்றால் மளமளவென்று முடித்துத் தரும். படம் வைத்தால் மட்டும் விறைத்துப்போய் நிற்கும். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்று தன் ஆண்டு மலரைத் தருவதாகச் சொல்லியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். மாதிரிப் பக்கம் சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் மலர் சிவகாசிக்குப் போய்விடும்.

தங்கபாய் விடுவாளா? கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சேத்தூர் வேலுசாமியைப் புது பிராசஸரோடும் மெமரியோடும் வரவழைத்துவிட்டாள்.

“ரெண்டு பேரும் செத்த நேரம் வாய மூடுங்க. நான் இதத் தொறக்கேன்” என்றான் அவன்.

பின்மூடியைக் கழற்றி, பழைய பிராசஸரை எடுத்துவிட்டுப் புதியதை உட்கார வைத்தான். பழைய மெமரிக்குப் பக்கத்தில் காலியாய்க் கிடந்த குழியில் புது மெமரியை அழுத்தினான். சுவிட்சைப் போட்டதும் பீப், பீப் என்று கத்தல்தான் வந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது.

“பாத்தீகளா!”

“பொறுட்டி!”

புது மெமரியை உருவினான். பெட்டி ஒழுங்காய் விழித்தது. “பிராசஸர் நல்லாருக்கு. இந்தக் குழிதான் சேட்டை பண்ணுது.” பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவன், குண்டூசியால் எதையோ சுரண்டி மோந்தான்.

“யக்கா, இது சந்தனம்லா?”

தங்கபாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயுத பூஜை! ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வைத்த நாள் அது.

“ஏட்டி, நீதான வச்ச?”

“நீங்கதான மதினி, ‘வெளிய வச்சா போதுமா, வேலையெல்லாம் உள்ளதான நடக்கு’ன்னு மூடியத் தொறந்து குடுத்தீக!”

“தொறந்துதான் குடுத்தேன். குழிக்குள்ள அப்பச் சொன்னேனா?”

“உள்ள எல்லாம் ஊசி ஊசியா நின்னுச்சு. காலியாக் கெடந்தது அந்தக் குழிதான்!”

முதலில் சிரித்தது வேலுசாமி. பிறகு எந்தச் சிரிப்பு யாருடையது என்றே தெரியவில்லை.

காயத்துக்குக் கட்டவென்று கடையில் வைத்திருந்த சத்திரப்பட்டி காஸ் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, மெல்லிய அட்டையில் சுற்றிக் குழியைத் துடைத்தான். தங்கபாய் டார்ச் பிடித்தாள். சண்முகத்தாய் விசிறியால் வீசி உலர்த்தினாள். மறுபடி மெமரியை அழுத்தி, சுவிட்சைப் போட்டான்.

திரையில் மெமரியின் அளவைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. பழைய எண் வந்ததும் சண்முகத்தாய் மதினியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எண் நிற்கவில்லை.

“போகுது மதினி! அம்புட்டும் போகுது!”

பள்ளி கொடுத்திருந்த சாக்கு ஓட்டப் படத்தைத் திறந்தார்கள். தலை, சாக்கு, தூசி, விழுந்து கிடக்கும் ஒரு பையன் என்று மேலிருந்து கீழ்வரை தடங்கலில்லாமல் வந்தது. பிரிண்டர் பக்கத்தைத் துப்புமுன்பே தங்கபாய் போனைச் சுழற்றினாள். “சார், மாதிரிப் பக்கம் ரெடி. அடுத்த பஸ்ல ஸ்ரீவில்லிபுத்தூர் வாரோம். மலர வேற எங்கயும் குடுத்துறாதீக!” மறுமுனையில் தலைமையாசிரியர் ‘சரிம்மா’ என்றது கடை முழுக்கக் கேட்டது.

வேலுசாமி மூடியை எடுத்தான். சண்முகத்தாய் குறுக்கே கை நீட்டினாள்.

“செத்த நில்லுங்கண்ணே, மூடிறாதீங்க. ஏன் மதினி, வாற ஆயுத பூசைக்கு இதுக்குப் பொட்ட எங்கதான் வைக்க?”