தேய்த்தெடுத்த பெயர்

ஹபீபாவை அழைத்துப்போகக் கம்பெனி கார் தாராவிக்கே வந்தது. அவள் கணவன் நசீர் சரக்குக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன். போன வருடம் போர் நடக்கும் கடலில் அந்தக் கப்பலின் மேல் ஏவுகணை விழுந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே வழியில் கோதுமையும் மருந்தும் கொண்டுபோகக் கம்பெனி இப்போது புதுக் கப்பல் கட்டியிருந்தது. அதற்கு நசீரின் பெயர். அடுத்த வாரம் விழாவில் திரையை விலக்கப்போவது ஹபீபா. முன்கூட்டியே இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

கப்பல் கட்டும் தளத்தில் இறங்கி, தகடு தகடாகப் பற்றவைத்த இரும்புச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். முகப்பில் ஆள் உயர எழுத்துகளில் நசீர். உப்புக்காற்றில் அழியாதிருக்க வெல்டிங்கிலேயே எழுதியிருந்தார்கள்.

"வேற யாரையும் தொட விடல. நானே எழுதுனேன் தங்கச்சி," என்றான் வெல்டர் சுடலை. அவனும் தாராவிக்காரன்தான்.

அந்தக் கப்பலில் போகப்போகும் பையன்கள் கீழே நின்று வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் போனில் தன் அம்மாவிடம், நசீரில்தான் போகிறேன் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

ஹபீபா, கூட வந்த மானேஜர் சிவகுருநாதனிடம் திரும்பினாள்.

"சார், இந்தப் பேரு வேண்டாம்."

"என்னம்மா சொல்றீங்க? அவருக்கு மரியாதையாத்தானே வைக்கிறோம்?"

"தெரியும் சார். ஆனா இதுவும் அங்கதான போவுது? நசீரை அடிச்சிட்டாங்க, நசீர் முங்கிட்டுன்னு டிவில சொன்னா... எம்மவ சாதியா அதை ரெண்டாந் தடவ கேக்கணுமா?"

அவர் தள்ளிப்போய் ஹெட் ஆபீசுக்கு நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஒத்துக்கிட்டாங்கம்மா. வேற பேரையும் உங்களையே சொல்லச் சொன்னாங்க."

அவள் அந்தப் பையன்களைப் பார்த்தாள். "ஸலாமத்னு வைங்க. பத்திரமா போயிட்டு வரட்டும்."

சுடலை இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றான். "எங் கையால எப்படித் தங்கச்சி..."

"நீங்க எழுதுனது. நீங்களே எடுத்துருங்கண்ணே."

இரும்பு அலறியது. பொறி கொட்டியது. வெயிலாக இருக்கிறது, காரில் உட்காருங்கள் என்றார் சிவகுருநாதன். அவள் அசையவில்லை. நசீரைக் குளிப்பாட்டவும் முடியவில்லை, மண் போடவும் முடியவில்லை. கடைசி எழுத்து போகும்வரை நின்று துஆ ஓதினாள்.

விழாவன்று திரையை விலக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி "ஸலாமத்" என்றாள். கப்பல் ஹாரன் அடித்தது.

மறுமாதம் சிவகுருநாதன் போன் செய்தார். சரக்கு இறக்கியாயிற்று, எல்லாரும் நலம் என்றார்.

அன்று மாலை ஹபீபா சாதியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து டிவியில் செய்தி போட்டாள். நசீர் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் செய்தி பார்த்ததில்லை.